ஒன்பதாவது ஆட்டம்

“அந்த இடத்தை இன்னொருக்கா வாசியும் பிள்ளை” என்றார் ஏரம்பமூர்த்தி. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, சோபாவின் நுனிக்கு வந்து, தேவாரம் கேட்கப்போகிறவர்போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

விஷாலினி மடிக்கணினியைத் தூக்கிப் பிடித்துத் திரும்பவும் வாசித்தாள். “ஒன்பதாவது ஆட்டத்துக்கு எதிரணி மைதானம்வரை வந்தது. ஹட்சன் கல்லூரியின் பதினொருவரைக் கண்டது. பயந்து விலகிப்போனது. விசில் ஊதியபோது எங்கள் அணிக்கு எதிரே வெறும் கோல் போஸ்ட் மட்டும்தான் நின்றது.”

“பயந்து!” அவர் தொடையில் அடித்துக்கொண்டார். “கேட்டியளே? பயந்து! என்ர அப்பப்பா கப்டனா நிண்ட டீம். நூறு வருசமா எத்தனை பேர் எழுதியாச்சு, ஒருத்தருக்கும் இந்தச் சொல்லு வரேல்லை. படிச்ச பிள்ளை எண்டா படிச்ச பிள்ளைதான்.”

முன்னறையில் இருந்த மற்ற எட்டுப் பேரும் கைதட்டினார்கள். யாழ்ப்பாணம் ஹட்சன் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் நியூசிலாந்து, ஒக்லாந்துக் கிளை நிர்வாகக் குழு என்பது அந்த ஒன்பது பேர்தான். கிளென்ஃபீல்டில் தலைவர் ஏரம்பமூர்த்தி வீட்டில், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கூடுவார்கள். பற்றீஸ், தேநீர், போன கூட்டத்தின் அறிக்கை, பிறகு யாழ்ப்பாணத்தில் யார் வீட்டை யார் வாங்கியது என்ற கதை. அன்று அவர்களோடு ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தாள் என்பதே புதினம். அவளுடைய அப்பா சற்குணம், கண்ணாடிக் கதவோரம், சாப்பாட்டு மேசையிலிருந்து இழுத்துவந்து போட்ட கதிரையில் இருந்தார். அவரும் கைதட்டினார். இரண்டு தட்டு. மற்றவர்கள் நிறுத்துவதற்கு முன்பே நிறுத்திவிட்டார். அதை விஷாலினி கவனித்தாள். கவனித்ததைப் பெரிதாக எடுக்கவில்லை.

சற்குணம் ஹட்சனில் பத்தாம் வகுப்புவரை படித்தவர். இப்போது நகரின் தெற்கே வீரியில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். சங்கத்தில் சேர்ந்து ஒன்பது வருடம். அந்த ஒன்பது வருடமும் ஆண்டுவிழாவுக்குக் கூடாரம் அடித்தது அவர், கோழி வாட்டியது அவர், கடைசியாகக் கதிரைகளை அடுக்கி ட்ரெயிலரில் ஏற்றியதும் அவர். “சற்குணத்துக்குக் கை சரியான வேகம்” என்று எல்லோரும் சொல்வார்கள். இந்த வருடம்தான், 2013இல், குழுவில் ஓர் இடம் கொடுத்திருந்தார்கள். மூன்று கூட்டங்களில் அவர் பேசியது ஒரே ஒரு வாக்கியம்: “என்ர மகள் யூனிவர்சிட்டியில ஹிஸ்டரி செய்தவள், அவளிட்டக் குடுத்தா எழுதித் தருவாள்.”

அப்படித்தான் 1913ஆம் ஆண்டுக் கால்பந்துப் பருவம் அவளுடைய தலையில் விழுந்தது. நூற்றாண்டு மலருக்குத் தலைக்கட்டுரை. அவளுக்கு அது உண்மையிலேயே பிடித்துப்போயிற்று, அதை ஒத்துக்கொள்ள அவளுக்கு வெட்கமும் இல்லை. லண்டன் கிளை ஸ்கேன் பண்ணி அனுப்பிய கல்லூரி மகசீனில் எட்டு ஆட்டங்களுக்கும் விவரணம் இருந்தது. வெள்ளைக்காரப் பாதிரிமாரிடம் ஆங்கிலம் படித்த ஏதோ ஒரு மாணவன், ஒவ்வொரு கோலுக்கும் ஒரு யுத்தம் எழுதியிருந்தான். வேட்டியை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு ஆடிய பொடியன்கள். கப்டன் மட்டும் வேட்டிக்கு மேலே சீமைத் தோல் பெல்ட் கட்டியிருந்தானாம். மூன்றாவது ஆட்டத்தில் பந்தின் உள்ளே இருந்த ரப்பர் பை வெடித்துவிட்டது. அடுத்த பந்து பதினான்கு மைலுக்கு அப்பால். ஒருவன் சைக்கிளில் போய்த் திரும்பும்வரை இரண்டு அணியும் வேப்பமரத்தின் கீழ் இருந்து, ஒன்றையொன்று வைதுகொண்டு வெள்ளரிப்பழம் சாப்பிட்டது. பொழுதுபட முன்னம் ஹட்சன் நான்கு கோல் அடித்தது. ஆறாவது ஆட்டத்தில் மாரிமழை. மைதானத்தின் ஒரு பாதி குளம். பந்து மிதந்தது. ‘எமது முன்கள வீரர்கள் நீந்தியும் கோல் போட வல்லவர்கள்’ என்று எழுதியிருந்தான் அந்த மாணவன். விஷாலினி அதை வாசித்துத் தனியே சிரித்தாள். எட்டு ஆட்டம், முப்பத்தொரு கோல், வாங்கியது ஒன்றுமில்லை.

ஒன்பதாவது ஆட்டம் கேடயத்துக்கான கடைசி ஆட்டம். அதற்கு மட்டும் விவரணம் இல்லை, ஒரே ஒரு வரி. ‘எதிரணியினர் தங்கள் பதினொருவரை அனைவருக்கும் திருப்தியாக ஒழுங்குசெய்ய இயலாமையால் விலகிக்கொண்டனர், கேடயம் எமக்கு வழங்கப்பட்டது.’ கட்டுரையின் உச்சத்தில் இப்படி ஒரு சப்பை வரி வந்து நிற்பதை அவளால் பொறுக்க முடியவில்லை. முப்பத்தொரு கோல் அடித்தவனை எதிர்த்து ஆட யாருக்குத்தான் குலை நடுங்காது? பயந்து என்று எழுதினாள்.

“நான் ஒண்டு யோசிக்கிறன்” என்றார் ஏரம்பமூர்த்தி. ஓய்வுபெற்ற என்ஜினியர். ஒன்றை யோசிக்கிறேன் என்று அவர் சொன்னால் அது முடிவாகிவிட்டது என்று அர்த்தம். “ஓகஸ்ட்டில எங்கட ஃபுட்போல் டோர்னமென்ட் தொடங்கேக்க, அந்தப் பதினொரு பேரின்ர பேரையும் மைக்கில வாசிப்பம். ஒவ்வொரு பேருக்கும் எங்கட ஆள் ஒருத்தர், ஜேர்சியோட, வரிசையா வந்து நிக்கவேணும். கடைசியா, பிள்ளை எழுதினமாதிரி, அந்த வெறும் கோல். எங்கட அப்பப்பா அடிக்காம விட்ட கோல். அதை நான் அடிக்கிறன்.”

எல்லோருக்கும் பிடித்துவிட்டது. செயலாளர் ஜெயரட்ணம் அங்கேயே பெயர்ப் பட்டியலை எடுத்தார். பத்துப் பெயருக்குப் பேரன், பூட்டன், மருமகன், ஒன்றுவிட்ட உறவு என்று யாரோ ஒருவர் கிடைத்தார். லெஃப்ட் ஹாஃபாக ஆடியவனுக்கு மட்டும் ஒக்லாந்தில் ஒருவரும் இல்லை.

“சற்குணம் நிக்கட்டுமே” என்றார் ஏரம்பமூர்த்தி. “என்ன சற்குணம்?”

சற்குணம் எழுந்து நின்றார். எழும்பத் தேவையில்லை, ஆனாலும் எழும்பினார். “ஓம் அண்ணை. நிக்கலாம்.”

*

திரும்பும்போது விஷாலினி கார் ஓட்டினாள். மழை தூறிக்கொண்டிருந்தது. பாலம் ஏறியபிறகுதான் சற்குணம் வாயைத் திறந்தார். கடலில் பாய்மரப் படகுகள் வெள்ளைக் கொக்குகள்போல ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன.

“பயந்து எண்டு அந்த மகசீனில கிடக்கோ?”

“பயந்து எண்டு இல்லை. பதினொரு பேரை ஒழுங்குபடுத்த ஏலாம விலகிச்சினம் எண்டு கிடக்கு. ஒண்டில் ஆள் காணாது, இல்லாட்டிப் பயம். வேற என்ன?”

“ஆள் பதினொண்டும் வந்தது.”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

சற்குணம் முன்கண்ணாடியில் வைப்பர் போய்வருவதைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கதை சொல்கிற குரலே இல்லை. வேலையிடத்தில் எந்த றாக்கையில் என்ன சாமான் என்று புதியவனுக்குச் சொல்கிற குரல்.

“கீப்பர்தான் பிரச்சினை. பீட்டர் எண்டு பேர். கிறிஸ்தவ வேதத்துக்கு மாறி வைச்ச பேர். எங்கட ஒழுங்கைப் பெடியன். அந்தப் பள்ளிக்கூடத்துப் பாதிரியார் அவனைச் சேத்துப் படிப்பிச்சு, கோலுக்கையும் விட்டிட்டார். ஹட்சன்காரர் வந்து பாத்திட்டு ஏலாது எண்டிட்டினம். மற்றவன் எண்டாக் காலால அடிப்பான், கீப்பர் கையால பிடிக்கிறவன். அவன் கையால பிடிச்ச பந்தை நாங்கள் தலையால அடிக்கிறதோ எண்டு கேட்டவையாம்.”

விஷாலினி வைப்பரின் வேகத்தை ஒரு படி கூட்டினாள்.

“அவனை எடுத்திட்டு வேற ஆளைப் போடு, ஆட்டத்தை நடத்துவம் எண்டு பெரிய ஆக்கள் சொல்லிச்சினம். மற்றப் பத்துப் பேரும் பாத்தாங்கள். பத்துப் பேரும் வேற ஆக்கள், பீட்டரின்ர ஆக்கள் இல்லை. அவங்கள் உடுப்பை மாத்திக்கொண்டு அவனோடயே நடந்து வந்திட்டாங்கள். எங்கட ஒழுங்கைமட்டும் கொண்டுவந்து விட்டிட்டுப் போனவங்கள். அதுதான் உன்ர ஒன்பதாவது ஆட்டம்.”

“எங்கட ஒழுங்கை” என்றாள் விஷாலினி. ஊரில் தங்களுக்கென்று ஒரு தெரு இருந்ததென்று சொல்லும் அந்த இரண்டு சொல்லையும் அவள் இருபத்து மூன்று வயதுவரை கேட்டதில்லை. யார் வீட்டுக்குப் போனாலும், “நீங்கள் ஊரில எந்தப் பக்கம்?” என்று யாரோ கேட்பார்கள். அப்பா “கோயிலடி” என்பார். யாழ்ப்பாணத்தில் கோயிலடி இல்லாத இடம் உண்டோ! கேட்டவர் இன்னும் ஒருதரம் பார்ப்பார். அப்பா உடனே எழும்பிக் கதிரை எடுத்துப் போடவோ கோப்பை கழுவவோ போய்விடுவார். பத்து வயதில் இங்கே வந்து இறங்கிய நாளிலிருந்து அவள் பார்த்த காட்சி அது. அப்பா உதவிக்கார மனிதர் என்றுதான் நினைத்திருந்தாள்.

“அப்ப நாங்கள் என்ன சாதி?”

“லேனைப் பார். லொறி வருது.”

நியூமார்க்கெட் வந்தது. எல்லர்ஸ்லி வந்தது. அவளுடைய அலுவலகக் கட்டடம் இருட்டுக் கண்ணாடியோடு வலதுபக்கம் போயிற்று. அவளுக்குக் கோபம் வந்தது. யாரில் என்று பிரித்துப் பார்க்க முடியாத கோபம். கோபம் வந்தால் அவள் கேட்கக்கூடாத கேள்வியைத்தான் முதலில் கேட்பாள்.

“இதுக்கு ஆதாரம் இருக்கோ அப்பா?”

சற்குணம் சிரித்தார். “எங்கட ஆக்களிட்ட மகசீன் இல்லைப் பிள்ளை.”

“எல்லாம் தெரிஞ்சுகொண்டு பிறகு ஏன் அங்க போறியள்? கூடாரம் தூக்கவோ?”

“நானும் அங்க படிச்சனான்தானே” என்றார் அவர். அவ்வளவுதான். தகனினியில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினார்கள். சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது அவராகவே சொன்னார்: “உன்ர பேரிலதான் கட்டுரை வருது. எழுதுறதை நீ பார். என்னைக் கேட்டு எழுதாத. கேட்டா நான் வேண்டாம் எண்டிடுவன்.”

*

விஷாலினி வேலை செய்தது காப்புறுதிக் கம்பெனியில். வாகன விபத்துக்காரர் எழுதி அனுப்பும் அறிக்கைகளைப் படித்து, எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். ‘இடித்தேன்’ என்று எழுதுகிறவன் அநேகமாக நேர்மையானவன். ‘இரு வாகனங்களும் தொடர்புபட நேர்ந்தது’ என்று எழுதுகிறவன்தான் இடித்தவன். இதை அவள் புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பாகவே எடுப்பாள். திங்கட்கிழமை மத்தியான இடைவேளையில் அந்த மகசீன் பக்கத்தைத் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அனைவருக்கும் திருப்தியாக. யார் அந்த அனைவரும்? நீந்திக் கோல் போட்டதை ஒன்றரைப் பக்கம் எழுதிய கை, கேடயம் வென்ற நாளை ஒரு வரியில் எழுதியிருக்கிறது. இதைக் கண்டும் அவள் பயந்து என்று எழுதியிருக்கிறாள். பீட்டரின் ஒழுங்கையிலிருந்து வந்தவள், பீட்டர் பயந்து ஓடினான் என்று எழுதி, அதற்குக் கைதட்டும் வாங்கியிருக்கிறாள். பக்கத்து மேசைப் பிரேம்வதி, ஃபிஜிக்காரி, “யூ ஓகே?” என்று கேட்டாள். இல்லை என்றாள் விஷாலினி.

கடைசிப் பந்தியை வெட்டிவிட்டுப் புதிதாக எழுதினாள். அலங்காரம் எதுவுமில்லாமல் எழுதினாள். கீப்பரின் பெயர் பீட்டர் என்றும், அவன் சாதியைக் காரணம் காட்டி ஹட்சன் அணி ஆட மறுத்தது என்றும், மற்றப் பத்துப் பேரும் அவனோடு வெளியேறினார்கள் என்றும், 1913 பருவத்தில் ஹட்சன் வென்றது எட்டு ஆட்டங்கள் என்றும், ஒன்பதாவது ஆட்டம் இன்னும் ஆடப்படவில்லை என்றும். அப்பாவைக் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை அனுப்பினாள்.

புதன்கிழமை ஏரம்பமூர்த்தி தொலைபேசியில் அழைத்தார். அவள் கார் தரிப்பிடத்துக்கு இறங்கிவந்து பேசினாள்.

“பிள்ளை, நல்லா எழுதியிருக்கிறீர். எழுத்தில ஒரு குறையும் இல்லை. ஆனா அந்தக் கடைசிப் பந்தி. இப்ப ஏன் அதெல்லாம்? இஞ்ச பிறந்த பிள்ளையளுக்கு அப்பிடி ஒண்டு இருந்ததெண்டே தெரியாது. நாங்கள் ஏன் வலியப் போய்ச் சொல்லிக் குடுப்பான்?”

“அங்கிள், பயந்து எண்டு நான் எழுதினது பொய். அதை எடுக்கவேணும்.”

“பொய் எண்டு எப்பிடிச் சொல்லுறீர்? மகசீனில இல்லையே. எங்கட வீட்டிலயும் ஒருத்தரும் இப்பிடிக் கதைச்சதில்லை. கீப்பரின்ர பேர்கூடப் போட்டிருக்கிறீர். உமக்கு ஆர் சொன்னது?”

அப்போதுதான் அவள் நின்றாள். காரியாலயத்தில் யாரிடமாவது இப்படிக் கேட்டால், பதில் வருவதற்கு முந்திய மௌனத்தை அவள் குறித்துக்கொள்வாள். இப்போது அவளுடைய மௌனத்தை யாரோ குறித்துக்கொண்டிருந்தார்கள். ஆதாரம் இல்லாமல் எழுதினவள் என்று சொல்லிவிடுவார்களோ என்ற படித்த ரோசம் ஒன்று அவளை முந்திக்கொண்டது.

“அப்பா சொன்னவர்.”

மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதையும் யாரோ குறைத்தார்கள்.

“ஓ” என்றார் ஏரம்பமூர்த்தி. “சற்குணமோ. அவைக்கு எப்பிடி…” மிக மெதுவாக, கோபமே இல்லாமல் கேட்டார். “நீங்கள் கோயிலடி ஆக்கள் எண்டெல்லே அப்பா சொன்னவர். எந்தக் கோயில் பிள்ளை?”

அவள் பதில் சொல்லவேண்டிய தேவை இனி இருக்கவில்லை. அப்பா பதின்மூன்று வருடம் கதிரை தூக்கியும் கோப்பை கழுவியும் தள்ளிவைத்த கேள்விக்கு, மகள் கார் தரிப்பிடத்தில் நின்று மூன்று நிமிடத்தில் பதில் கொடுத்துவிட்டாள்.

*

ஜெயரட்ணத்தின் அழைப்பு வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தது. சற்குணம் வேலை உடுப்பு மாற்றாமல் குசினியில் நின்று கேட்டார். “ஓம்… ஓம்… அதுக்கென்ன… சரி தம்பி, ஒண்டும் யோசிக்காதையும்.” வைத்துவிட்டுக் குழாயைத் திறந்து கை கழுவினார்.

“என்னவாம்?” என்றாள் அம்மா செல்வி. முதியோர் இல்லத்தில் காலைவேலை முடித்து வந்து வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“ஜேர்சி என்ர சைஸில வரேல்லையாம். லெஃப்ட் ஹாஃபுக்கு வேற ஒரு ஆள் ஹமில்டனில இருந்து வருகுதாம். என்னைக் கோழிப் பக்கம் பாக்கட்டாம்.”

செல்வி கத்தியை வைத்தாள். கணவனைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தாள். “இப்ப சந்தோசமே? உன்ர டிகிரிக்கு எழுதத் தெரியுது, பேசத் தெரியுது, வாயை மூடத் தெரியாதோ? அந்தாள் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவங்களோட வரிசையில நிப்பம் எண்டு நினைச்சது. காலணி வாங்கிக்கொண்டு வந்து மூண்டு நாளாப் பெட்டியோட வைச்சிருக்குது.”

“அந்த வரிசையில ஏன் நிக்கவேணும் அம்மா? அது ஆரின்ர வரிசை?”

“அது எனக்குத் தெரியாதோ? உனக்கு முந்தாநாள் தெரிஞ்சது, எனக்குப் பிறந்த நாளில இருந்து தெரியும்.”

“விடு செல்வி” என்றார் சற்குணம். “அந்த ஜேர்சி நைலோன். எனக்குச் சொறியும்.”

விஷாலினி அன்று அழவில்லை. அழுதிருந்தால் அப்பா ஆறுதல் சொல்ல வந்திருப்பார், அதை அவளால் தாங்க முடிந்திராது. இனிச் சங்கத்துக்குப் போகவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். “கூடாரம் என்ர ட்ரெயிலரில கிடக்கு” என்றார் அவர்.

*

ஓகஸ்ட் சனிக்கிழமை, காலை பத்து மணி. மவுன்ட் ரோஸ்கில் பக்கத்து மைதானம் இரவு மழையில் ஊறிக் கிடந்தது. வெயில் வந்தும் வராமலும் இருந்தது. அப்பா ஆறு மணிக்கே வந்து கூடாரம் அடித்து, கரி மூட்டி, முதல் நாள் ஊறப்போட்ட கோழித் துண்டுகளை வரிசைக்கு அடுக்கிக்கொண்டிருந்தார். புதிய காலணி போட்டிருந்தார். அதன் ஓரத்தில் அதற்குள் சேறு. ‘கிங் ஒஃப் த கிறில்’ என்று எழுதிய சிவப்பு ஏப்ரன், போன வருடம் சங்கம் கொடுத்த பரிசு.

வருகிறவர்களுக்குச் சும்மா கொடுத்துக்கொண்டிருந்த மலரில் ஒன்றை விஷாலினி எடுத்தாள். வழவழப்பான தாள். நான்காம் பக்கத்தில் அவளுடைய கட்டுரை. கீழே அவளுடைய முழுப்பெயர், பட்டத்தோடு. கடைசிப் பந்திக்குப் போனாள். ‘பயந்து விலகிப்போனது’ அப்படியே இருந்தது. யாரோ அதைத் தடித்த எழுத்தாக்கியும் இருந்தார்கள்.

அவள் கூடாரத்துக்கு நடந்தாள். “அப்பா, நான் இப்ப போய் மைக்கை வாங்கப் போறன். இவ்வளவு சனத்துக்கு முன்னால கேக்கப் போறன்.”

சற்குணம் மலரை வாங்கி, எண்ணெய்க் கையைத் தள்ளிவைத்து, மணிக்கட்டால் பக்கத்தை அமத்தி வாசித்தார். மெதுவாகத்தான் வாசிப்பார். வாசித்து முடித்து மலரை மூடிக் கூலர் பெட்டியின் மேல் வைத்தார்.

“நல்ல பேப்பர்” என்றார்.

மைதானத்தில் ஜெயரட்ணம் ஒலிபெருக்கியில் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர், நீலமும் வெள்ளையும் கோடிட்ட ஜேர்சி போட்டு, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, நடு வட்டத்துக்கு நடந்தார். மனைவிமார் கைபேசியில் படம் எடுத்தார்கள். ஹமில்டன்காரர் லெஃப்ட் ஹாஃபாக வந்து நின்றார். அவருக்கு ஜேர்சி தொளதொளவென்று இருந்தது. அதற்குள் இரண்டு சற்குணம் போகலாம். கடைசியாகக் கப்டன் சுந்தரமூர்த்தியின் பெயர். அவருடைய பேரன் ஏரம்பமூர்த்தி பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பெனால்டிப் புள்ளிக்கு நடந்தார். எதிரே வலை கட்டிய வெறும் கோல்.

“இந்தா, இதைப் பிடி” என்றார் சற்குணம். கோழி பிரட்டும் இடுக்கியை மகளின் கையில் கொடுத்தார். “கரையில கிடக்கிறது வெந்திட்டுது. நடுவில உள்ளதைப் பிரட்டு.”

“அப்பா, நான் சொல்லுறன்…”

“நீ எழுதிப்போட்டாய். போட்டது போடாதது அவையின்ர பாடு. கோழியைப் பார்.”

கழிவறைக்குப் போகிறார் என்று நினைத்தாள். அவர் மைதானத்தின் ஓரக்கோட்டைத் தாண்டி, யாரோ மறந்த கதிரையை எடுக்கப் போகிறவர்போல, அவசரமில்லாமல் குறுக்கே நடந்தார். அதனால்தான் ஒருவரும் தடுக்கவில்லை. சற்குணம் எங்கே நடந்தாலும் எதையாவது தூக்கத்தான் நடப்பார் என்று எல்லோருக்கும் பழக்கம். ஏப்ரனோடு நேரே கோலுக்குள் போனார். வலைக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். இரண்டு கம்பத்துக்கும் நடுவில், கோட்டின் மேல் நின்றார்.

“சற்குணம் அண்ணை” என்றது ஒலிபெருக்கி. ஜெயரட்ணம் சிரிக்கப் பார்த்தார். “அண்ணை, கொஞ்சம் விலகுங்கோ. ஃபோட்டோ எடுக்கினம்.”

“எடுக்கட்டும்” என்றார் சற்குணம். அவருக்கு மைக் இல்லை; ஆனால் அந்த நேரம் மைதானம் முழுக்கக் கேட்டது. “அடியுங்கோ அண்ணை. நான் பிடிக்கிறன்.”

ஆட்டத்துக்குக் காத்திருந்த பிள்ளைகளுக்கு இது விளங்கவில்லை, அல்லது அவர்களுக்கு மட்டும்தான் நேராக விளங்கியது. பந்து உதைக்க ஒருவர் நின்றால் பிடிக்க ஒருவர் நிற்கத்தானே வேண்டும். ஒரு சிறுமி வாய்க்குக் கை வைத்துக் கத்தினாள்: “ஃபைனலி! எ கீப்பர்!” இன்னும் நாலைந்து பேர் கைதட்டத் தொடங்கினார்கள். “கோ அங்கிள்! கோ அங்கிள்!”

நடு வட்டத்தில் நின்ற பத்துப் பேரும் கைதட்டவில்லை. ஒருவர் குனிந்து காலணி நாடாவைச் சரிபார்த்தார். ஹமில்டன்காரர் பக்கத்தில் நின்றவரிடம் ஏதோ கேட்டார், பக்கத்தில் நின்றவர் ஜேர்சியை இழுத்துவிட்டுக்கொண்டார். கூடாரத்தின் மறுகரையில் செல்வி எழுந்து நின்றிருந்தாள். கை சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஏரம்பமூர்த்தி பந்தைப் புள்ளியில் வைத்திருந்தார். நிமிர்ந்து சற்குணத்தைப் பார்த்தார். பிறகு ஜெயரட்ணத்தைப் பார்த்தார். ஜெயரட்ணம் மைக்கைப் பார்த்தார். இரண்டு அடி பின்னே போனார் ஏரம்பமூர்த்தி, நின்றார். அடித்தால் அது ஆட்டம். அடிக்காமல் திரும்பினால் அது என்னவென்று, அங்கே நின்றவர்களில் தெரியவேண்டியவர்களுக்குத் தெரியும்.

விஷாலினியின் முன்னால் கோழி கருகத் தொடங்கியிருந்தது. புகை கண்ணில் அடித்தது. அவள் இடுக்கியைப் பிடித்தபடி நின்றாள்.

சேற்றில் பந்து தானாகச் சற்று உருண்டது. ஏரம்பமூர்த்தி முன்னே வந்து, அதைக் காலால் அமத்தி நிறுத்தினார். கோலில் சற்குணம் இரண்டு கையையும் ஏப்ரனில் அழுத்தித் துடைத்தார். முழங்காலைக் கொஞ்சம் மடித்து, எண்ணெய் மினுங்கும் உள்ளங்கைகளை விரித்து, பந்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.